பழைய டேர்போ கார் வாங்கப் போறீங்களோ? கொஞ்சம் நில்லுங்கோ!



"எங்களுக்கே சைக்கிள் ரியூப் மாத்தக் காசில்லை, இவன் கார் வாங்கிறதைப் பற்றி எழுதிறான்" என்று சிரிக்க வேண்டாம். கார் வாங்கப் போனது நானில்லை, என்ர மாமா. நான் கூடப் போனனான், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நாளில் படித்தது ஒரு தவணை விஞ்ஞானப் பாடத்துக்குச் சமன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமா கட்டாரில் ஒன்பது வருஷம் வேலை செய்தவர். அவர் சின்னப் பெடியனாக இருந்தபோது அம்மம்மா வீட்டுச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தாராம். நீலக் கார், தங்க நிறச் சில்லுகள், பின்னால் புழுதி. சுபாரு இம்பிரேசா. 1995 இல் கொலின் மக்ரே என்ற ஸ்கொட்லாந்துக்காரர் உலக ரலி சம்பியனானது இந்தக் காரில்தான். அதற்குப் பரம எதிரி மிட்சுபிஷி லான்சர் எவலூஷன். பின்லாந்துக்காரர் ரொமி மக்கினன் 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து அந்தக் கம்பனிக்காகச் சம்பியன். இரண்டு ஜப்பான் கம்பனிகளும் 1992 இல்தான் இந்தக் கார்களை விற்கத் தொடங்கின. காரணம் சுவாரசியமானது. அந்த நாள் ரலி விதிப்படி, போட்டிக்கு ஒரு காரை விட வேண்டுமென்றால் அதே மாதிரிக் காரை ஆயிரக்கணக்கில் செய்து பொதுமக்களுக்கும் விற்க வேண்டும். அதனால்தான் பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார் மாதிரி நாலு கதவோடு இருக்கிற ஒன்றுக்குள்ளே 280 குதிரைவலு வரை வந்து ஒளிந்துகொண்டது!

சரி, டேர்போ என்றால் என்ன?

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியக் காற்று வேணும். கூடக் காற்றுப் போனால் கூடப் பெற்றோலை எரிக்கலாம், கூட வலு வரும். சாதாரணக் கார் தானாக இழுக்கிற காற்றோடு திருப்திப்பட்டுவிடும். டேர்போ காரில், சைலன்சரால் வீணாகப் போகிற புகையே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே அச்சின் மற்றப் பக்கத்தில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். (அமுக்கம் பாடத்தில் நித்திரை கொண்டவர்களுக்கு இப்ப விளங்கியிருக்கும்!) அந்த அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். அதைக் காப்பாற்றுவது மெல்லிய ஒயில் படலம் ஒன்று மட்டுமே. ஒயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் முதலில் சாகிறது டேர்போதான்.

நாலு சில்லுக்கும் இழுவை போவது மற்ற விசேஷம். எங்கட ஊரில் ஓடுகிற அனேகமான சின்னக் கார்களில் முன் சில்லு இரண்டுதான் இழுக்கும். இதில் நாலும் இழுக்கும், அதனால் மழையிலும் மணலிலும் வழுக்காமல் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நாலு ரயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்று போட்டு ஓடினால் சுற்றளவு வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கிற டிஃபரென்ஷல் ஓயாமல் சமாளித்துச் சமாளித்து ஒருநாள் இறுகிப்போகும். இதைச் சோதிக்கக் காசே தேவையில்லை. வெட்டையான இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டமடிக்க வேண்டும். கார் துள்ளித் துள்ளி இழுபட்டால், கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

எங்கட நாட்டில் இப்படியான கார் வாங்குவது இன்னும் கஷ்டம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்தாலும் பழைய கார்களைக் கொண்டுவர வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே 1990களில் செய்த இம்பிரேசா வேணுமென்றால், முன்பே நாட்டுக்குள் வந்தவற்றில்தான் தேட வேண்டும். அவை எத்தனை பேரிடம் கைமாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் எத்தனை பேர் ரேஸ் ஓடியிருப்பார்கள்!

மாமாவுக்குக் கொழும்புப் பக்கம் ஒரு கார் அகப்பட்டது. மாமா, கராஜ் வைத்திருக்கிற அவருடைய சிநேகிதர், நான், மூன்று பேரும் இரவு பஸ் ஏறினோம். (அந்த அண்ணையின் பேரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எழுதினால் ஊர் முழுக்க அவரைக் கூப்பிடுமாம்.) ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மாமா நித்திரையே கொள்ளவில்லை.

காரைக் கண்டதும் மாமாவின் முகம் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அதே நீலம், அதே தங்கச் சில்லு. அண்ணை பெயின்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதலில் பதிவுப் புத்தகத்தை வாங்கி, சேஸி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் காரில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். இந்த மாதிரிக் கார்களில் எஞ்சின் வெடித்தால் வேறொரு எஞ்சினைத் தூக்கி வைப்பது சாதாரணம். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால், பிறகு வாங்கினவன்தான் அலைய வேண்டும். நம்பர்கள் சரியாக இருந்தன.

பிறகு அண்ணை பொனற்றில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"அண்ணை, நாங்கள் வர முதல் ஓடினீங்களோ?" என்று உரிமையாளரிடம் கேட்டார். "இல்லை, சும்மா கழுவக் கொண்டுபோனது" என்று பதில். அண்ணை சிரித்துக்கொண்டு, "நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வாறம். தயவுசெய்து அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதேங்கோ" என்றார். மாமாவுக்குக் கோபம். இவ்வளவு தூரம் வந்து லொட்ஜில் தங்குவதோ என்று. ஆனால் அண்ணை சொன்ன காரணம் சரி. சூடான எஞ்சின் பல குறைகளை ஒளித்துவிடும். பிஸ்டன் தேய்ந்து ஆடுகிற சத்தம், முதல் புகை, எல்லாம் குளிரில்தான் வெளியில் வரும்.

அடுத்த நாள் விடிய ஸ்டார்ட் பண்ணினோம். புகையைப் பார்க்க என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். வெள்ளையாகக் கொஞ்சம் நீராவி வந்து நின்றால் பயமில்லை. கறுப்பு என்றால் பெற்றோல் கூட. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, திடீரென அக்சிலேட்டரை மிதிக்கும்போது நீலப்புகை குப்பென்று வந்தால் டேர்போவின் சீல் போயிருக்கக்கூடும். எங்களுக்கு மெல்லிய நீலம் தெரிந்தது. நான் சொன்னேன். மாமா, "உனக்கு வானத்தின்ர நீலம் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஓடிப் பார்த்தபோது நான் பின் சீற்றில். மூவாயிரம் சுற்றுத் தாண்டினதும் யாரோ முதுகில் பிடித்துத் தள்ளினது போல இருந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஆசை வந்துவிட்டது. கிளச், கியர் எல்லாம் நல்லாத்தான் இருந்தது.

கடைசியாகப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் கம்பிரஷன் பார்த்தோம். பழைய டேர்போ கார் வாங்குகிறவர் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. எஞ்சின் சூடேறின பிறகு, பெற்றோலும் பொறியும் வராமல் நிறுத்திவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு அமுக்கமானியைப் பூட்டி, அக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று ஊசி காட்டும். சுபாருவில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. குத்துச்சண்டைக்காரரின் கைகள் மாதிரி இரண்டு பக்கமும் படுத்திருக்கும். அதனால் பிளக் கழற்றவே கையெல்லாம் உரஞ்சுப்பட்டது.

நான்தான் கொப்பியில் எழுதினேன். முதல் சிலிண்டர் 148. இரண்டாவது 150. மூன்றாவது 146. நாலாவது 95.

அண்ணை திரும்பவும் சுற்றச் சொன்னார். 95.

நாலும் ஏறத்தாழச் சமனாக இருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டிய நிலைமை. இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பிஸ்டனில் வளையம் இருக்கிற விளிம்பு உடைந்திருக்கலாம் என்பது அண்ணையின் கணிப்பு. அவர் கார் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஜப்பானுக்குள் விற்ற இந்தக் கார்கள் அங்கத்தைய உயர்ந்த ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. எங்கட நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது 92 உம் 95 உம். விலை குறைவென்று 92 ஐ அடித்து, அதற்கு மேல் டேர்போவின் அமுக்கத்தையும் கூட்டிவிட்டு ஓடினால், பெற்றோல் உரிய நேரத்துக்கு முந்தியே வெடிக்கும். அந்த அடி முழுவதும் பிஸ்டனின் தலையில்தான் விழும். பொனற்றுக்குள் அமுக்கம் கூட்டுகிற ஒரு சின்னக் கருவி பூட்டியிருந்தது. அதை அண்ணை முதல் நாளே கண்டவர். மாமா முகம் வாடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். இது எனக்குச் சரியாகப் படவில்லை, முதலே சொல்லியிருக்கலாம்.

உரிமையாளர் உடனே விலையைக் குறைத்தார். நல்லாகவே குறைத்தார். மாமா என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். "எஞ்சின் செய்ய எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். அண்ணை ஒரு தொகை சொன்னார். அது குறைத்த காசை விடக் கூட. "அதுவும் திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்றார். மாமா கொஞ்ச நேரம் காருக்குள் தனிய இருந்துவிட்டு வந்து, திறப்பைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சந்தோஷப்படுவா என்று நினைத்தோம். அம்மா முதலில் இருந்தே எதிர்ப்பு. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்களே, அந்தச் செய்தியை ரி.வி.யில் பார்த்த நாளிலிருந்து "கார்" என்றாலே சத்தம் போடுவா. ஆனால் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒன்பது வருஷம் வெயிலில உழைச்ச காசு தம்பி, ஆறுதலாப் பார்த்து வாங்கு" என்று மட்டும் சொன்னா.

கம்பிரஷன் பார்த்த கூலி, பஸ், லொட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாமாவுக்குச் செலவானது அந்தக் காரின் ஒரு ரயர் விலை கூட வராது. அடுத்த சனிக்கிழமை குருநாகல் பக்கம் ஒரு லான்சர் பார்க்கப் போகிறோம். அமுக்கமானியை அண்ணை எங்கட வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முதல் வந்து சொல்லுங்கோ, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவாறன்.

– தரம் 11 மாணவன்