எந்தச் சன்னல்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விமானத்தில் செல்வோர் இறக்கை மறைக்காத சன்னலோர இருக்கையைத் தேடிப் பெறுவர். இரயிலில் செல்லும் நமக்கும் அந்த அக்கறை வேண்டாமா? திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் வண்டியில் எந்தச் சன்னல் சிறந்தது என்பதை நிலப்படமும் சிறிது இயற்பியலும் கொண்டு கூறிவிடலாம்.

முதலாவது திசை. வண்டி சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக மேற்கே செல்லும்போது பொதிகை மலை இடப்பக்கம் முன்னால் தெரிகிறது. தாமிரபரணியைக் கடந்து அம்பாசமுத்திரம் சேர்ந்தபின் பாதை வடக்கு நோக்கித் திரும்புகிறது. ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம் வழியில் மலை மேற்கே, அதாவது மீண்டும் இடப்பக்கமே. பாவூர்சத்திரத்திற்குப் பின் குற்றால மலையும் அப்பக்கமே. ஆகவே செல்லும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். செங்கோட்டைக்கு அப்பால், 2018-இல் அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்ட ஆரியங்காவுக் கணவாய்ப் பாதை வளைந்து வளைந்து செல்வதால், அங்கு இவ்விதி பொருந்தாது.

இரண்டாவது வேகம். வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். 10 மீட்டர் தூரத்திலுள்ள பனைமரம் நம்மை நேராகக் கடக்கும்போது நொடிக்குச் சுமார் 95 டிகிரி வீதம் விலகுகிறது. 10 கி.மீ. தூரத்திலுள்ள மலையோ ஆயிரம் மடங்கு தொலைவில் இருப்பதால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே விலகும். நிமிடத்திற்குச் சுமார் 6 டிகிரிதான்! மரங்கள் ஓட, மலை மட்டும் நம்முடன் கூடவே வருவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது வெளிச்சம். காலைக் கதிரவன் கிழக்கிலிருந்து மலையின் நம் பக்கத்தில் ஒளி பாய்ச்சுவதால் மடிப்புகளும் காடுகளும் தெளிவாகத் தெரியும். மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் மலை நிழலுருவாகிவிடும். காலையில் அம்பையிலிருந்து கல்லூரிக்கு வரும் நண்பர்கள் வலப்பக்கச் சன்னலில், வண்டி செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர வேண்டும். பின்னால் விலகிச் செல்லும் மலை அப்போதுதான் கண்ணெதிரே நிற்கும். இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது. மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலை மிகவும் ஏற்றது.

இவ்வளவு கணக்கும் வெறும் அழகுக்குத்தானா? எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். குத்தகை வயலில் பாடுபடும் என் தந்தைக்குக் கோண அளவுகள் தெரியா. ஆனால் ஜூன் மாதம் அம்மலையைப் பார்த்தே அந்த ஆண்டின் நிலையைச் சொல்லிவிடுவார். மலையில் மேகம் கவிந்தால் 143 அடி கொள்ளும் பாபநாசம் அணைக்கு நீர் வரும். அணை திறந்தால் கன்னடியன் கால்வாயில் நீர் ஓடும். கார் நடவு நடக்கும். நடவு நடந்தால்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம். சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையே நாம் காணும் பச்சை வயல்களின் கதை இதுவே.

நண்பர்களே, அந்தச் சன்னலில் தெரிவது நம் சோற்றின் பிறப்பிடம். இடம் கிடைத்தால் அமர்ந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் நின்றாவது பாருங்கள்.