கடலடியிற் கண்டங்கள்

கரவெட்டியிலே கிணறு வெட்டுவோர் மேல்மண்ணை நீக்கி ஆழஞ் சென்றால் சுண்ணக்கல்லைக் காண்பர். கடலடியிற் படிந்த சிப்பி முதலிய உயிர்களின் ஓடுகளால் ஆகிய கல் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அதுவே அடித்தளம். மயோசீன் காலத்திலே, அதாவது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இன்று புகையிலைத் தோட்டமும் பனங்கூடலும் நிற்கும் இடங்களிற் கடல் நின்றது. கடல் நிலமாகியதற்குச் சான்று காலடியிலேயே கிடக்கிறது. நிலம் கடலாகியதற்குச் சான்று எங்கே?

பஃறுளியாற்றையும் குமரிமலையையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். இருபதாம் நூற்றாண்டிலே தமிழறிஞர் பலர் அச்செய்தியை இலெமூரியா என்ற பெயருடன் இணைத்தனர். அப்பெயரோ தமிழரை நினைந்து இடப்பட்டதன்று. பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலறிஞர் 1864 ஆம் ஆண்டில் இட்டது. மடகாஸ்கரில் வாழும் இலெமூர் என்னும் விலங்குக்கு உறவான தேவாங்கு இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வதேன்? இடையே ஒரு நிலம் இருந்து ஆழ்ந்திருக்க வேண்டும் என அவர் ஊகித்தார். சிறு விலங்குகள் சிலவற்றின் பொருட்டு ஒரு கண்டத்தையே கற்பித்துவிட்டார் எனலாம்.

அவ்வூகம் நிலைக்கவில்லை. கண்டங்கள் இடம்பெயர்வன என்று 1912 இல் அல்பிரட் வெகனர் எடுத்துரைத்தார். நெடுங்காலம் ஏளனஞ் செய்யப்பட்ட அக்கருத்து, 1960களிற் கடலடி ஆராய்ச்சியால் உறுதிபெற்றது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா யாவும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாயிருந்து பிரிந்தவை. கண்டப் பாறை பாரங் குறைந்தது. முப்பது நாற்பது கிலோமீற்றர் தடித்தது. கடலடிப் பாறையோ ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தடிப்பினது, பாரங் கூடியது. பாரங் குறைந்த பெருங்கண்டம் ஒன்று பாரமான அடித்தளத்தினுள் அப்படியே மூழ்கிவிடுதல் இயலாது.

ஆயினும் வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. மொரீசியஸ் எரிமலையாற் பிறந்த தீவு. அதன் மிகப் பழைய பாறைக்கும் வயது 90 இலட்சம் ஆண்டளவே. அத்தீவின் கடற்கரை மணலிலே சிர்க்கன் மணிகள் சில அகப்பட்டன. சிர்க்கன் இலங்கையருக்குப் புதிதன்று. நிறமற்ற சிர்க்கனையே இரத்தின வணிகர் மாத்தறை வைரம் என்பர். கருங்கல் போன்ற கண்டப் பாறைகளில் அது மிகுதியாக உண்டாகும். உருவாகும்போது சிறிது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏலாது. யுரேனியமோ காலஞ் செல்லச் செல்ல ஈயமாக மாறும். ஆகவே மணியினுள் எவ்வளவு யுரேனியம் ஈயமாகியுள்ளது என்று அளந்தால் அதன் வயது தெரியும். (இவ்வாறு வயது காணும் ஆய்வுக்கூடங்கள் தம் கருவிகளைச் சரிபார்க்க, ஏறக்குறைய 56 கோடி ஆண்டு வயதுள்ள இலங்கைச் சிர்க்கன்களையும் அளவுகோலாக வைத்திருக்கின்றன.) மொரீசியஸ் மணலின் மணிகளுக்கு 66 கோடி முதல் 197 கோடி ஆண்டு வரை வயதென 2013 இல் அறிவிக்கப்பட்டது. தாயினும் மகள் மூத்தவளாயிருந்த கதை இது!

ஐயம் எழுந்தது, எழ வேண்டியதே. மணலைக் காற்றுக் கொணர்ந்திருக்கலாம், கப்பலும் கொணர்ந்திருக்கலாம். ஆகவே மணலை விட்டுப் பாறையையே உடைத்துப் பார்த்தனர். 57 இலட்சம் ஆண்டுக்கு முன் உறைந்த எரிமலைப் பாறையினுள்ளே, 300 கோடி ஆண்டு வரை வயதுடைய சிர்க்கன்கள் பொதிந்திருந்தமை 2017 இல் வெளியாயிற்று. பாறையின் வயிற்றினுள் காற்றோ கப்பலோ மணலைக் கொண்டுபோய் வைக்க முடியாது. மேலெழுந்த கற்குழம்பு, தீவின் அடியிற் கிடக்கும் பழைய கண்டத் துண்டைத் துளைத்தே அவற்றை வாரி வந்தது. அத்துண்டுக்கு மொரீசியா என்று பெயரிட்டனர். ஏறக்குறைய எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது, இடைப்பட்ட நிலம் இழுபட்டு மெலிந்து, துண்டுகளாகித் தாழ்ந்தது. பின்னர் எரிமலைக் குழம்பு அதை மூடியது. சீஷெல்ஸ் தீவுகளில் இத்தகைய கண்டத் துண்டின் கருங்கல் இன்றும் நீருக்கு மேலே நிற்கிறது.

மொரீசியா தாழ்ந்த காலத்தில் மனிதன் பிறக்கவேயில்லை. இன்றைய மனித இனத்தின் வயது ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டே. அந்நிலத்திலே தமிழ்ச்சங்கம் இருந்ததென்று கூற இச்சான்று சிறிதும் இடந்தராது. மாணவர் மனம் நோகுமென்று இதனைச் சொல்லத் தயங்கும் ஆசிரியர் உளர்; அத்தயக்கம் மாணவர்க்கு நன்மை செய்வதன்று.

மனிதர் கண்முன் கடல் கொண்ட நிலமும் உண்டு. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பெரும்பனிக் காலத்திலே, கடல் மட்டம் இன்றையதினும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. ஆழங் குறைந்த பாக்குநீரிணை அன்று வெறுந்தரை. பருத்தித்துறையிலிருந்து கோடிக்கரைக்குக் கால்நடையாகவே செல்லலாம். பனி உருக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீர் சிறிது சிறிதாக ஏறி அத்தரையை மூடிற்று. கடல்கோட் கதைகளுக்கு வேர் ஒன்று உண்டெனில், தாழ்ந்த கண்டத்திலன்றி இத்தகைய கரையோரங்களிலே தேடுதல் தகும். குமரி நிலத்தைத் தேடுவோர் தெற்கே ஆழ்கடலையே நோக்குகின்றனர். பருத்தித்துறைக் கரையில் நின்று வடக்கே நோக்குவோர் சிலரே.