தாழ்ந்த கூரை வீட்டுக்கு விளக்கு விசிறி

மாட்டும் முன் அண்ணாந்து பாருங்கள்!

சென்னையில் ஒரு சிறிய வீடு. மாலை நேரம். வேலை முடிந்து வந்த தகப்பனார், 3 வயது மகனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். "யானை, யானை" என்று கூவிய பையன், இரண்டு கைகளையும் மேலே நீட்டினான்.

சமையல் அறையில் இருந்து எட்டிப் பார்த்த பாட்டி, "ஐயோ, குழந்தை கை!" என்று அலறினார். தகப்பனார் சட்டென்று குனிந்து விட்டார். பையனின் விரலுக்கும், சுழன்று கொண்டிருந்த விசிறியின் இறக்கைக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை.

அந்த வீட்டைக் கட்டிய போது இந்த ஆபத்து இல்லை. அப்போது கூரையின் உயரம் 10 அடி. பிறகு தெருவில் ரோடு போட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டார்கள். தெரு உயர்ந்தது. வீடு தாழ்ந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. வேறு வழி இல்லாமல் வீட்டுக்குள் மண் கொட்டி, தரையை ஒன்றரை அடி உயர்த்தினார்கள். தரை மேலே வந்தது. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. 10 அடி 8½ அடி ஆகிவிட்டது. இப்போது அந்த வீட்டு வாசலில் உயரமான விருந்தாளி யாராவது வந்தால், குனிந்துதான் நுழைய வேண்டும்.

சென்னையில் இப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு. அழகுக்காகப் பொய்க்கூரை போட்டவர்கள் வீட்டிலும், குழந்தைகளுக்கு இரட்டை அடுக்குக் கட்டில் வாங்கியவர்கள் வீட்டிலும் இதே தொல்லைதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தண்டு இல்லாமல் கூரையை ஒட்டியே மாட்டும் விசிறிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு நடுவே விளக்கும் உண்டு. காற்றும் வெளிச்சமும் ஒரே இடத்தில்!

விசிறியோடு விளக்கைச் சேர்ப்பது புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பிலிப் டீல் என்பவர், தையல் இயந்திரத்துக்காகத் தாம் செய்த மின்சார மோட்டாரை 1882-ம் ஆண்டில் கூரையில் மாட்டி, இறக்கைகளைப் பூட்டினார். கூரை விசிறி பிறந்தது. மற்றவர்களும் விசிறி செய்து போட்டிக்கு வந்த போது, அவர் தம் விசிறியின் அடியில் விளக்கையும் சேர்த்தார். அந்தக் காலத்தில் நம் நாட்டுக் கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் துணிப் பங்காவைக் கயிறு கட்டி ஆட்கள் இழுத்துக் கொண்டிருந்தார்கள்.

அளந்து பார்த்து வாங்குங்கள்

தோளில் பையனைத் தூக்கிய தகப்பனார் மறுநாளே கடைக்குப் புறப்பட்டார். பாட்டி விடவில்லை. "அளவு நாடாவை எடுத்து முதலில் அளந்து பாரப்பா" என்றார். அது நல்ல யோசனை.

தண்டு வைத்த சாதாரண விசிறியில், கூரைக்கும் இறக்கைக்கும் சுமார் 14 அங்குலம் இடைவெளி இருந்தது. 8½ அடிக் கூரையில் அது தரையில் இருந்து 7 அடி 4 அங்குல உயரத்தில் சுழன்றது. கூரையை ஒட்டிய விசிறி என்றால் இடைவெளி 8 அங்குலம். இறக்கை 7 அடி 10 அங்குலத்துக்குப் போய்விடும். அரை அடி லாபம்!

ஆனால் விளக்கை மறந்துவிடக் கூடாது. அது இறக்கைக்கும் கீழே தொங்கும். சில விசிறிகளில் விளக்கு தட்டையாக இருக்கும். சிலவற்றில் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக இருக்கும். தாழ்ந்த கூரைக்குத் தட்டை விளக்குதான் ஏற்றது. சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் கண்ணாடி உருண்டையில் இடிக்கக் கூடாது அல்லவா?

பக்கவாட்டிலும் அளக்க வேண்டும். முக்கியமாகப் பரண் இருக்கும் அறையில். பரண் பொதுவாக 7 அடி உயரத்தில் இருக்கிறது. கூரையை ஒட்டிய விசிறி அதற்கும் மேலே, பரணின் வாய்க்கு நேராகச் சுழலும். 48 அங்குல விசிறி மையத்தில் இருந்து 2 அடி தூரம் வீசும். ஏணியில் ஏறிப் பரணில் இருந்து அண்டாவை இறக்குகிறவரின் பின் தலைக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று பாருங்கள். அறை சிறியதாக இருந்தால் 36 அங்குல விசிறி போதும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த விசிறியில் காற்று சற்றுக் குறைவு. விசிறி மேலே உள்ள காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. கூரைக்கும் இறக்கைக்கும் சுமார் 1 அடியாவது இருந்தால் காற்று தாராளமாக உள்ளே நுழையும். ஒட்டி மாட்டினால் அந்த வழி குறுகி விடுகிறது. கோடையில் மொட்டை மாடி பகல் எல்லாம் காய்ந்து, இரவில் அந்தச் சூட்டைக் கீழே விடும். அந்தச் சூடான காற்றும் சேர்ந்து வரும். ஆகவே கூரை உயரமான வீட்டுக்காரர்கள் அழகைப் பார்த்து இதை வாங்க வேண்டியது இல்லை. அவர்களுக்குப் பழைய தண்டு விசிறியே மேல்.

எதன் பலத்தில் தொங்குகிறது?

புதிய விசிறி வந்து சேர்ந்தது. பெட்டியோடு 7 கிலோ. எலக்ட்ரீசியனும் வந்தார். நடுத்தர வயதுக்காரர். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. ஏணியில் ஏறி, பழைய விசிறியின் மேல்கிண்ணத்தை இறக்கிவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கூரையைச் சுத்தியலின் பிடியால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார்.

"என்ன தம்பி, பாம்பு புகுந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறே?" என்று பாட்டி கேட்டார்.

"விசிறியைக் காசு கொடுத்து வாங்கிட்டீங்கம்மா. அதைத் தாங்கப் போறது இந்தக் கூரைதானே? அதான் அதைக் கேட்டுக்கிறேன்" என்றார் அவர்.

அவர் செய்ததில் அர்த்தம் இருக்கிறது. சாதாரண விசிறி ஒரு கொக்கியில் தொங்குகிறது. காங்கிரீட் போடும் போதே அந்தக் கொக்கியைக் கூரையின் இரும்புக் கம்பியோடு கட்டி விடுகிறார்கள். அது பலமானது. கூரையை ஒட்டும் விசிறி அப்படி அல்ல. ஓர் இரும்புப் பட்டையைக் கூரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். விசிறி அந்தப் பட்டையில் நிற்கிறது. அதாவது, இனிமேல் போடும் போல்ட்டுகள்தான் அதன் உயிர்.

படம் மாட்ட ஆணி அடிப்பது போல இதைச் செய்யக் கூடாது. சுவரில் துளை போட்டு பிளாஸ்டிக் குச்சி செருகி, அதில் திருகாணி முடுக்குகிறார்கள் அல்லவா? அது காலண்டருக்குப் போதும். விசிறிக்கு உதவாது. விசிறி சும்மா தொங்கவில்லை. இரவு முழுவதும் அதிர்ந்து கொண்டே இருக்கிறது. அந்த அதிர்ச்சியில் பிளாஸ்டிக் குச்சி மெல்ல மெல்ல நழுவும். இறுக்க இறுக்க உள்ளே விரிந்து காங்கிரீட்டைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு போல்ட் வேண்டும். கடையில் ஆங்கர் போல்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் துளை, மேல் பூச்சைத் தாண்டிக் காங்கிரீட்டுக்குள் ஆழமாகப் போக வேண்டும். பூச்சு மட்டும் பிடித்தால், பூச்சோடு சேர்ந்து விசிறியும் வரும்.

கூரையைத் தட்டிப் பார்த்தது இதற்காகத்தான். கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே பூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம். மழை நீர் கசிந்த கூரையில் உள்ளே கம்பி துருப்பிடித்து, காங்கிரீட்டே பெயரும். அந்த வீட்டில் முதலில் கொத்தனாருக்குத்தான் வேலை. ஜிப்சம் பலகைப் பொய்க்கூரையில் எதையும் மாட்டவே கூடாது. பலகையைத் துளைத்து, மேலே உள்ள உண்மையான கூரையில்தான் பிடிப்பு இருக்க வேண்டும். மரக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் கூரையிலும் இந்த போல்ட் பிடிக்காது. அங்கே உத்திரக் கட்டையைத்தான் நாட வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தது எதற்கு? கூரைக்குள் புதைந்து வரும் மின்சாரக் குழாய் எந்தப் பக்கமாக வந்து சேர்கிறது என்று தெரிந்து கொள்ளத்தான். அந்தப் பக்கத்தில் துளை போட்டால் குழாயும் உள்ளே உள்ள கம்பியும் அறுந்து போகும். அவர் பட்டையைக் குறுக்காகத் திருப்பி வைத்து, வேறு பக்கத்தில் அடையாளம் போட்டார்.

பழைய கொக்கியை அறுத்து எறியலாமா என்று தகப்பனார் கேட்டார். எலக்ட்ரீசியன் சிரித்தார். மெல்லிய எஃகுக் கயிறு ஒன்றை விசிறியின் உடலில் கட்டி, மறு முனையைக் கொக்கியில் மாட்டினார். போல்ட் என்றைக்காவது ஏமாற்றினாலும், விசிறி கட்டிலில் விழாமல் கயிற்றில் நிற்கும். 30 ஆண்டு உழைத்த கொக்கிக்குக் காவல்காரன் வேலை கிடைத்தது.

அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

அடுத்தது கம்பி வேலை. அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு ஏணியில் ஏறி டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது!

"மெயினைத்தான் அணைச்சாச்சே, பிறகு எங்கிருந்து வருது?" என்று பாட்டி திகைத்தார்.

"உங்க வீட்டில இன்வெர்ட்டர் இருக்குதேம்மா. மெயின் போனதும் அது கொடுக்க ஆரம்பிச்சிடும். அதுக்கு எலக்ட்ரீசியன் ஏணியில நிக்கிறது தெரியாது" என்றார் அவர்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது. மின்சாரம் நின்றதும் தானாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். அந்த டெஸ்டர் எரிகிறதா என்பதையும், மின்சாரம் உள்ள இடத்தில் முன்னதாகச் சோதித்துக் கொள்வது நல்லது.

பழைய வீடுகளில் கூரைக்கு 2 கம்பிகள்தான் வந்திருக்கும். ஒன்று சுவிட்ச் வழியாக வரும் பேஸ். மற்றொன்று நியூட்ரல். விசிறியும் விளக்கும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டுமானால், விளக்குக்கு இன்னொரு பேஸ் கம்பி வேண்டும். ரிமோட் வைத்த விசிறியாக இருந்தால் இருக்கிற கம்பியே போதும். ஆனால் சுவர் சுவிட்சை அணைத்தால் விசிறி, விளக்கு இரண்டுமே நின்று விடும். ரிமோட் தலையணைக்கு அடியில் காணாமல் போகும் வீடுகளில் தனிக் கம்பிதான் நிம்மதி.

விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வழியாக விளக்குக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. விளக்கு மினுக் மினுக்கென்று துடிக்கும். சீக்கிரம் கெட்டும் போகும். இப்போது வரும் பி.எல்.டி.சி. என்ற சிக்கன விசிறிகளுக்கு ரெகுலேட்டரே ஆகாது. அதை எடுத்து விட்டு நேராகச் சுவிட்சில் சேர்க்க வேண்டும். இந்த விசிறி சுமார் 30 வாட் மின்சாரம்தான் சாப்பிடுகிறது. பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால், 60 நாளில் பழையதற்கு 45 யூனிட். புதியதற்கு 18 யூனிட். விசிறிகளுக்கு நட்சத்திரக் குறி 2023-ம் ஆண்டு ஜனவரி முதல் கட்டாயம் ஆக்கப்பட்டது. வாங்கும் போது பெட்டியில் அதைப் பார்க்கலாம்.

கம்பியின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நம் வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ் கம்பிகள். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். ஆனால் பல விசிறிகளில் பழுப்புக் கம்பி பேஸ், நீலம் நியூட்ரல்! நீலத்தைக் கண்டதும் நீலத்தோடு முறுக்கி விடுகிறவர்கள் உண்டு. விசிறியோடு வரும் படத்தைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

அந்த வீட்டில் பச்சைக் கம்பியே கூரைக்கு வரவில்லை. "இத்தனை வருஷம் அது இல்லாம ஓடலையா?" என்றார் தகப்பனார். எலக்ட்ரீசியன் கேட்கவில்லை. புது விசிறி கைக்கு எட்டும் இரும்பு. பண்டிகை வந்தால் பாட்டி ஈரத் துணியால் துடைப்பார். உள்ளே கம்பி உரசி உடலில் மின்சாரம் ஏறினால், அதைப் பூமிக்குக் கொண்டு போகும் வழி அந்தப் பச்சைக் கம்பி ஒன்றுதான். குழாய்க்குள் எஃகுக் கம்பியை விட்டு, பச்சைக் கம்பியையும் விளக்குக் கம்பியையும் இழுத்து முடிக்க அவருக்கு 2 மணி நேரம் ஆயிற்று. காபி ஆறிப் போயிற்று.

அதற்கு மேல் வேலை சுலபம். ஒருவர் விசிறியைத் தாங்கிக் கொள்ள, ஒருவர் கம்பிகளைச் சேர்த்தார். விசிறியை அதன் கம்பியிலேயே தொங்க விட்டு வேலை செய்யவில்லை. கடைசியில் இறக்கைகளை மாட்டி, கூரையில் இருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் அளந்தார். மூன்றும் ஒரே அளவு. ஒன்று தாழ்ந்து இருந்தால் விசிறி ஆடும். ஆடினால் போல்ட் தளரும். பெட்டியில் சேர்ந்து வந்த இறக்கைகளை விட்டு, வேறு விசிறியின் இறக்கையைப் பூட்டினாலும் இதே கதிதான்.

சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. விசிறி சத்தம் இல்லாமல் சுழன்றது. பையன் கை தட்டினான்.

எலக்ட்ரீசியன் கூலியை வாங்கிக் கொண்டு, "இன்னைக்கு ராத்திரி முழுக்க ஓடட்டும்மா. கீழே யாரும் படுக்க வேணாம். காலையில வந்து போல்ட்டை ஒரு தடவை பார்த்திடறேன்" என்று சொல்லி விட்டுப் போனார்.

பாட்டி கட்டிலைச் சுவர் ஓரமாக இழுத்துப் போடச் சொன்னார். மறுநாள் காலை 7 மணிக்கு அவர் வந்தார். ஏணியில் ஏறி 4 போல்ட்டுகளையும் ஸ்பேனரால் திருகிப் பார்த்தார். மூன்று அசையவில்லை. ஒன்று மட்டும் கால் சுற்று உள்ளே போயிற்று. அதை இறுக்கி விட்டு, "ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கூப்பிடுங்கம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் கட்டில் நடுக்கூடத்துக்கு வந்தது.