குறிச்சொற்கள் சுமையாகும்போது

சொந்தக் குறிப்புகளைச் சேமிக்க டிட்லிவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். 2004-இல் ஜெரிமி ரஸ்டன் உருவாக்கிய இது, குறிப்புகள் முழுவதையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பில் அடக்கிவிடும். பின்னாளில் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் பத்துப் பன்னிரண்டு குறிச்சொற்களை இட்டுவந்தேன். நாளடைவில், தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதற்குள் எழுத வந்த எண்ணமே நழுவத் தொடங்கியது.

குறிச்சொற்களின் எண்ணிக்கை மட்டும் இதற்குக் காரணமன்று. கோப்பைத் திறந்ததும் குறிப்புகள் அனைத்தும் உலாவியின் நினைவகத்துக்கு வந்துவிடுகின்றன. குறிச்சொற்களுக்கெனத் தனி அட்டவணை இருப்பதால், ஒரு குறிச்சொல்லைத் தேடுவது விரைவாகவே முடியும். ஆனால், திரையில் விரிந்திருக்கும் பட்டியல்கள், குறிப்புகள் மாறும்போதெல்லாம் மீண்டும் கணக்கிடப்படுகின்றன. நாம் எழுதிக்கொண்டிருக்கும் வரைவும் ஒரு குறிப்பே. ஆகவே, எல்லாக் குறிச்சொற்களையும் காட்டும் பக்கவாட்டுப் பட்டியல் திறந்திருந்தால், எழுத எழுத அந்த வேலை திரும்பத் திரும்ப நடக்கும்.

முதலில் அந்தப் பட்டியலை மூடினேன். வேகம் பெருமளவு திரும்பியது. பிறகு, ஒரே குறிப்பில் மட்டும் இருந்த குறிச்சொற்களை நீக்கினேன். அவற்றுக்குச் சொல் தேடலே போதும். ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளிலும் இருந்தவற்றையும் நீக்கினேன். எதையும் பிரித்துக்காட்டாத குறிச்சொல்லால் பயனில்லை. இப்போது புதிதாக ஒன்றை இடும் முன், இதைக்கொண்டு எதைத் தேடுவேன் என்று கேட்டுக்கொள்கிறேன். விடை இல்லையெனில் இடுவதில்லை.