அல்லிராணிக் கோட்டை

மன்னார்ப் பெருநிலத்தின் மேற்குக் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்குத் தெற்கே, முசலிப் பகுதியைச் சேர்ந்த அரிப்பு என்னும் ஊர் உள்ளது. அங்கே கடலோரத் திட்டின் விளிம்பிலே செங்கற் சுவர்கள் சிலவும் பருத்த தூண்கள் சிலவும் சிதைந்து நிற்கின்றன. குதிரைமலையிலிருந்து முத்துக் கடலை ஆண்டதாகக் கதைகள் கூறும் அல்லியரசியின் கோட்டை என்றே ஊரார் இதனை வழங்குவர்.

ஆயின், இது கோட்டையுமன்று, அல்லி கட்டியதுமன்று. உண்மையான கோட்டை அண்மையிலேயே சிறியதாக உள்ளது. கண்டியரசனின் சிறையிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1679இல் வந்தடைந்த ஒல்லாந்தக் காவலரண் அதுவே. அல்லிராணிக் கோட்டையெனப்படுவதோ, 1798 முதல் 1805 வரை பிரித்தானியத் தேசாதிபதியாயிருந்த பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பிய மாளிகை.

கொழும்பிலிருந்த தேசாதிபதிக்கு இந்த வெறுங்கரையிலே மாளிகை எதற்கு? முத்துக்காகத்தான். பருவக்காற்றுகள் ஓய்ந்து கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களிலே முத்துக்குளிப்பு நடைபெறும். கீழக்கரை, தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து குளிகாரரும், பல தேசத்து வணிகரும் வந்து கூடுவர்; மணல்வெளியிலே ஓலைக் கொட்டில்களாலான நகரமொன்று தோன்றிச் சில வாரங்களில் மறையும். அரசின் வருவாயில் பெரும்பங்கு இங்கே கிடைத்தமையால், அதனை நேரிற் கண்காணிக்கத் தேசாதிபதி விரும்பினார்.

நோர்த் கிரேக்க நாட்டின்மீது தீராத பற்றுடையவர். பிற்காலத்தில், 1824இல், கோர்பு தீவிலே கிரேக்கருக்கென உயர்கல்விக் கழகம் அமைத்தவரும் இவரே. ஆகவே மாளிகையின் வடிவத்தைத் தாமே வகுத்து, டோரிக் என்னும் பழைய கிரேக்கப் பாணியைக் கைக்கொண்டார். கிரேக்கச் சிற்பமுறைகளுள் மிக எளியது அது. தூண் தடித்திருக்கும், மேலே செல்லச் செல்லச் சற்றே ஒடுங்கும், அதன் தலைப்பில் இலையோ பூவோ இராது. அக்காலத்து இலங்கையைக் கண்டெழுதிய பாதிரியார் ஜேம்ஸ் கோடினர், தீவிலுள்ள கட்டடங்களுள் இதுவே மிக அழகியது எனப் போற்றினார். சிறிது மிகையாக இருக்கலாம். 

கிரேக்கர் சலவைக்கல்லிற் கட்டினர். இங்கேயோ செங்கல்லே தூணாயிற்று. அதன்மேற் பூசப்பட்டது சிப்பிச் சுண்ணாம்பு. சிப்பி ஓட்டைச் சூளையிலிட்டு நீற்றி, நீர்விட்டுக் குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகும். தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல் போல ஒளிரும். முத்தைப் பயந்த சிப்பி, முத்துக்காக எழுந்த மாளிகைக்கும் மேனி தந்தது! இன்று அப்பூச்சு பெரிதும் உதிர்ந்து, உள்ளிருக்கும் செங்கல் வெளித்தெரிகிறது. தூண் கட்டப்பட்ட முறையைக் கற்க விரும்புவோர்க்கு இச்சிதைவே நல்ல பாடம்.

முத்துப் பார்கள் நிலைக்கவில்லை. 1906இல் அவற்றைக் கம்பெனியொன்று இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளுள் சிப்பி அற்றுப்போகக் கம்பெனியும் கலைந்தது. மாளிகையைக் கவனிப்பார் இல்லாமற் போயினர்.

ஊரின் பெயர் அரிப்பு. கடலும் அத்தொழிலையே செய்கிறது. அலைகள் திட்டின் அடிமணலைக் குடைய, மேலுள்ள சுவர் தாங்குவாரின்றிச் சரிகிறது. கடற்புறத்திற் பெரும்பகுதி ஏற்கெனவே வீழ்ந்துவிட்டது. எஞ்சிய தூண்களையும் சுவர்களையும் அளந்து வரைபடமாக்கும் பணி, அவை நிற்கும்பொழுதே செய்யப்பட வேண்டியது. ஒவ்வொரு மாரியிலும் திட்டு இன்னும் சிறிது குறைகிறது.