அயலுறவு அறிமுகம் – 6: தண்டவாளமும் வாக்கும்

ஒரு நாட்டுக்குள் இருவருக்கிடையே காணித் தகராறு வந்தால் பொலிஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, தீர்ப்பை நிறைவேற்ற அரசும் இருக்கிறது. இரண்டு நாடுகளுக்கிடையே தகராறு வந்தால் இந்த மூன்றும் இப்படி இல்லை. ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம், சம்பந்தப்பட்ட நாடுகள் அதன் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டால்தான் வழக்கை விசாரிக்கலாம். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் வீட்டோ போட்டால் தீர்மானம் அங்கேயே நின்றுவிடும். அரசுகளுக்கு மேல் இன்னோர் அரசு இல்லை என்பதே சர்வதேச உறவுப் பாடத்தின் முதல் வரி. அதனால் ஒவ்வோர் அரசும் தன் பாதுகாப்பை, தன் பொருளாதாரத்தை, தன் மதிப்பைத் தானே பார்த்துக்கொள்கிறது. இவை மூன்றும் சேர்ந்ததுதான் தேசிய நலன்.

இதிலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. அயலுறவு என்பது அரசுக்கும் அரசுக்கும் இடையில் நடப்பது. மக்களுக்கும் மக்களுக்கும் இடையில் அல்ல. மேடைகளில் 'தொப்புள்கொடி உறவு' என்று பேசப்படுவது உண்மையான உறவுதான், அதற்கு அரசியல் கனமும் உண்டு. ஆனால் டில்லியில் கோப்பு நகரும்போது அது பல காரணங்களில் ஒன்று மட்டுமே. வன்னியில் பலருக்கு இந்தியாமீது மாறி மாறி வரும் நம்பிக்கையும் கோபமும், இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததாலேயே பெரும்பாலும் வருகின்றன.

சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியாவிடம் பணமும் இல்லை, போதிய படைபலமும் இல்லை. இருந்தது பரப்பும் சனத்தொகையும் நேருவின் குரலும். அமெரிக்கா, சோவியத் என்ற இரு முகாம்களிலும் சேராமல், இரண்டிடமிருந்தும் உதவி பெறுவதே அன்றைய வழி. 1954இல் சீனாவுடன் பஞ்சசீலம் கையெழுத்தானது. 1961இல் பெல்கிரேட்டில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு கூடியது. மறு ஆண்டே சீனாவுடனான போரில் இந்தியா தோற்றது. நல்லெண்ணம் எல்லையைக் காக்காது என்பதை டில்லி அப்போது படித்தது. 1971இல் சோவியத்துடன் உடன்படிக்கை, அதே ஆண்டு பங்களாதேஷ் போர், 1974இலும் 1998இலும் அணுச் சோதனை, 1991இல் பொருளாதாரத் திறப்பு, 2008இல் அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாடு என்று பாதை நீண்டது. இன்று இந்தியா அமெரிக்கா, ஜப்பான், அவுஸ்திரேலியாவுடன் குவாட் அமைப்பில் இருக்கிறது. சீனா, ரஷ்யாவுடன் பிரிக்ஸிலும் இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய எண்ணெயைத் தாராளமாக வாங்கியது. எவருடைய கையிலும் முழுதாக அகப்படாமல் இருப்பதே நோக்கம். பெயர்கள் மாறின, பழக்கம் மாறவில்லை.

வளரும் நாடு உலக மேடையில் ஏறுவதற்கு முன் தன் முற்றத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து நாட்டில் பகை வல்லரசு வந்து குந்திவிட்டால் தூரத்து மரியாதையால் பயனில்லை. சிறிய அயல்நாட்டின் கணக்கு வேறு. பெரியவர் பக்கத்திலேயே இருப்பதால், இன்னொரு பெரியவரைத் தூரத்திலிருந்து கூப்பிட்டு வைத்துக்கொண்டால்தான் பேரம் பேச இடமிருக்கும். கொழும்பு இதை நெடுங்காலமாகத் திறமையாகச் செய்துவருகிறது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்க இந்தியாவிடம் உதவி பெற்ற அதே அரசாங்கம்தான், இந்தியாவின் வான்வழி மூடப்பட்டிருந்த காலத்தில் மேற்கிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன பாகிஸ்தான் விமானங்களைக் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்ப விட்டது.

இரு அரசுகள் நல்லுறவைப் பேணும்போது விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு வன்னியிலேயே சான்று உண்டு. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், மலையகத்தின் 975,000 நாடற்ற மக்களைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் பஞ்சத்துக்கும் 1977 வன்செயலுக்கும் தப்பித் தோட்டங்களை விட்டு வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். வவுனியாவில் காந்தியம் அமைப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. அவர்களில் பலர் அப்போது எந்த நாட்டின் பிரஜையும் அல்லர். இந்தப் பிரச்சினைக்குச் சட்டத்தில் கடைசி முடிவு 2003இல்தான் வந்தது. டில்லிக்கும் கொழும்புக்கும் 1964 ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம்.

எண்பதுகளில் இந்தியா படையைக் கருவியாக எடுத்தது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தத்தைப் படிக்கிறவர்கள் வடக்கு–கிழக்கு இணைப்பையும் மாகாண சபையையும் தேடிப் படிக்கிறார்கள். அதனுடன் மாற்றிக்கொள்ளப்பட்ட கடிதங்களைப் பலர் படிப்பதில்லை. திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைக்கும் கொடுக்கக் கூடாது, எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவுடன் சேர்ந்து இயக்க வேண்டும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ உளவுக்குப் பயன்படக் கூடாது என்பவை அந்தக் கடிதங்களில் உள்ளவை. தமிழர் பிரச்சினையும் இந்தியப் பாதுகாப்பும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. அமைதி காக்க வந்த இந்தியப் படை சில மாதங்களிலேயே புலிகளுடன் போரில் இறங்கியது; முல்லைத்தீவுக் காடுகளில் நீண்ட தேடுதல்கள் நடந்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் ஏராளமான பொதுமக்களும் இறந்தார்கள். 1989இல் ஜனாதிபதி பிரேமதாச அந்தப் படையை வெளியேறச் சொன்னார், 1990 மார்ச் 24இல் கடைசி அணி கப்பலேறியது. மறு ஆண்டு மே 21இல் ராஜீவ் கொல்லப்பட்டார். அதன்பின் இந்தியா இலங்கைக்குச் சண்டையிடப் படை அனுப்பவில்லை.

2009இல் போர் முடிந்தபின் வன்னி கண்ட இந்தியா வேறு. நெளுக்குளத்தைத் தாண்டி மேற்கே செட்டிகுளத்தில், மெனிக்பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தபோது, முதலில் புல்மோட்டையில் இயங்கிய இந்திய இராணுவ மருத்துவமனை அங்கே இடம் மாறியது. இந்தியக் கண்ணிவெடி அகற்றும் குழுக்கள் வந்தன. 2010 ஜூனில் 50,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு. வடக்கு கிழக்கில் வீட்டுக்காரரே கட்டும் முறையில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் போடப்பட்டது. சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறியபோது பல குடும்பங்கள் கடன்பட்டே கூரை போட்டன. அப்படியிருந்தும், போருக்குப் பின் வெளியிலிருந்து வந்த உதவிகளில் குடும்பங்களின் கையில் நேரே சேர்ந்தவற்றில் இதுவும் ஒன்று.

வீடு நன்கொடை, ரயில் கடன். அயலுறவைப் படிக்கிறவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோனது. ஓமந்தையிலிருந்து பளை, பளையிலிருந்து காங்கேசன்துறை, மதவாச்சியிலிருந்து மடு, மடுவிலிருந்து தலைமன்னார் ஆகிய பாதைகளை இந்திய அரசு நிறுவனமான இர்கோன் திரும்பப் போட்டது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபர் 13இல் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. 2015 மார்ச்சில் தலைமன்னார் சேவையை நரேந்திர மோடி தொடக்கிவைத்தார். இந்திய எக்சிம் வங்கி கொடுக்கும் இத்தகைய கடனில் பொருளும் சேவையும் பெரும்பகுதி இந்தியாவிலேயே வாங்கப்பட வேண்டும் என்பது பொது விதி. ஆகவே கடன் இலங்கையின் கணக்கில், வேலை இந்திய நிறுவனத்துக்கு, பாதை வடக்கு மக்களுக்கு. மூன்று தரப்புக்கும் ஏதோ ஒன்று கிடைப்பதால்தான் இது நீடிக்கிறது. இதில் தர்மம் தேடுவதும் வேண்டாம், சூழ்ச்சி தேடுவதும் வேண்டாம்.

அதே காலத்தில் ஏ9 வீதியின் வடபகுதி சீனக் கடனில் திருத்தப்பட்டது. வவுனியாவிலிருந்து வடக்கே போகிற ஒருவர் பஸ்ஸில் போனால் சீனக் கடன், ரயிலில் போனால் இந்தியக் கடன். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 1.12 பில்லியன் டொலருக்குச் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபின் டில்லி வடக்கைக் கூடுதல் கவனத்துடன் பார்த்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டம் 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனின் கீழ் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்ட வேண்டாம் என்று இந்தியா எதிர்த்தது, அதே வேலையை நன்கொடையாகச் செய்ய முன்வந்தது. ஆண்டு முடிவதற்குள் சீன நிறுவனம் விலகியது. சிறிய நாட்டின் பேரம் பேசும் பலம் என்பது இதுதான்: கடனில் செய்யவிருந்த வேலை நன்கொடையாகக் கிடைத்தது. ஆனால் எல்லாத் திட்டமும் இப்படி முடிவதில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் வரவிருந்த அதானியின் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் மின்விலைத் தகராறிலும் சூழல் எதிர்ப்பிலும் மாட்டியது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

பணத்தைவிட வாக்கு தெளிவாகப் பேசும். ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் 2009 மே மாதம் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012இலும் 2013இலும் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களை ஆதரித்து இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2014இல் சர்வதேச விசாரணை கோரிய தீர்மானத்தில் நடுநிலை; 2021, 2022இலும் நடுநிலை. போர் முடிந்தவுடன் கொழும்பைச் சீனாவிடம் தள்ளிவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. 2012, 2013இல் தமிழ்நாட்டின் கொந்தளிப்பு மத்திய கூட்டணியை ஆட்டியது. 2013 மார்ச்சில் தி.மு.க. வெளியேறியே விட்டது. 2014இல் தீர்மானம் வெளியார் விசாரணையைத் தொட்டது. ஒரு நாட்டுக்குள் வெளியார் விசாரணை நுழைவதை, காஷ்மீரை வைத்திருக்கும் எந்த இந்திய அரசாங்கமும் விரும்பாது. கட்சி மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. உள்நாட்டு அரசியல் வெளியுறவைத் திருப்பலாம். அடிப்படை நலனைத் தொடாத மட்டும்தான் திருப்பலாம்.

பாக்குநீரிணை மீன்பிடியில் தமிழ்நாட்டின் அழுத்தம் வடக்கின் தமிழருக்கு எதிர்ப்பக்கமாகத் தெரிகிறது. தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் கடலடியை வாருவதால் இழப்பது மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவின் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்த ஒரு விடயத்தில் வடக்கின் மீனவர் கொழும்பின் பக்கம் நிற்கிறார்.

2022இல் இலங்கை கடனடைக்க முடியாமல் விழுந்தபோது இந்தியா ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கடனும் தவணை நீடிப்பும் கொடுத்தது. 2023 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியத்துக்குக் கடன் மறுசீரமைப்பு உறுதியை முதலில் கொடுத்ததும் இந்தியாதான். தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. அவை வவுனியாவுக்கும் வந்தன, அம்பாந்தோட்டைக்கும் போயின. போரின் பின் வடக்கைக் குறிவைத்த உதவி நாடு முழுவதையும் குறிவைத்ததாக மாறிய காலம் இது. வடக்கின் நண்பன் என்ற பெயர் டில்லிக்குப் போதவில்லை. தெற்கில் சிங்கள மக்களிடமும் நல்ல பெயர் வேண்டியிருந்தது. அது கிடைத்தது.

2025 ஏப்ரலில் கொழும்பு வந்த மோடியும், ஒருகாலத்தில் இந்திய விஸ்தரிப்புவாதத்தை எதிர்த்து வகுப்பெடுத்த ஜே.வி.பி.யின் தலைவரான ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்றைச் செய்தார்கள். மறுநாள் ஏப்ரல் 6 அன்று அனுராதபுரத்தில் இருவரும் சேர்ந்து, வவுனியா வழியாகச் செல்லும் 128 கிலோமீற்றர் மாஹோ–ஓமந்தைப் பாதையைத் திறந்தார்கள். அது 91.27 மில்லியன் டொலர் இந்தியக் கடனில் புதுப்பிக்கப்பட்டது. தமிழ் மக்களின் அபிலாசைகள் நிறைவேற வேண்டும், மாகாண சபைத் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றும் மோடி அந்தப் பயணத்தில் சொன்னார். 1987 ஒப்பந்தத்திலிருந்து பிறந்த வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. மோடியும் திசாநாயக்கவும் அந்தப் பாதையைத் திறந்த அன்றுவரை இரண்டாவது தேர்தல் நடக்கவில்லை.