துப்பாக்கிக்கு 'பிரேக்': தோளுக்கு லாபம், காதுக்கு நஷ்டம்

நிலக்கடலையையும் மரவள்ளியையும் காட்டுப் பன்றி கிளறிப் போடுவது நம் விவசாயிகள் அறிந்த தொல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில விவசாயிகளுக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே பன்றியைச் சுடத் தடை இல்லை. நிலத்துக்காரரின் சம்மதம் இருந்தால், தனியார் நிலத்தில் பன்றியைச் சுட 2019 முதல் வேட்டை லைசென்சுகூடத் தேவையில்லை. ஆகவே அங்கு பல பண்ணைகளில் மண்வெட்டி, கடப்பாரை போல ரைபிளும் ஒரு கருவி. அந்த ரைபிளுக்கு விற்கப்படும் துணை உறுப்புகளில் பேர்போனது 'மஸில் பிரேக்'. அது கொடுக்கும் காசுக்குத் தகுந்ததா என்று பார்ப்போம். துப்பாக்கி லைசென்சு வைத்திருக்கும் நம் விவசாயிகளும் இதில் அறிய வேண்டியது உண்டு.

உதை ஏன் வருகிறது?

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளுகிறது. குண்டு மட்டுமல்ல, எரிந்த மருந்தின் வாயுவும் குழல் முனையிலிருந்து சீறி வெளியேறுகிறது. '.308' என்னும் நடுத்தர ரைபிளில் குண்டின் எடை சுமார் 10 கிராம்; மருந்து சுமார் 3 கிராம்தான். ஆனால் வாயு குண்டைவிட வேகமாகப் பாய்வதால், உதைக்கும் விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனால் வருவதே.

மஸில் பிரேக் என்பது குழல் முனையில் மரை போட்டுத் திருகப்படும், பக்கத் துளைகள் உள்ள சிறு இரும்புக் குழாய். நேரே போகும் வாயுவை அது பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பிவிடுகிறது. வாயு துளைகளின் சுவரில் மோதும்போது துப்பாக்கியைச் சற்று முன்னே இழுக்கிறது. தோளில் விழும் உதை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது.

இது உண்மையான லாபமே. உதைக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிவிடுவார், குறி தவறும். காயம்பட்டு ஓடும் பன்றி வலியில் துடிக்கும். தேடிப் போகும் ஆளையும் தாக்கும்.

காதுக்கு வரும் கேடு

சாதாரண ரைபிள் வெடியின் சத்தமே சுமார் 155 முதல் 170 டெசிபெல். ஒரே ஒரு வெடியானாலும் 140 டெசிபெலைத் தாண்டினால் காதுக்கு ஆபத்து. பிரேக், வாயுவைப் பின்னே திருப்புவதால் சுடுபவரின் காதருகே சத்தம் மேலும் 5 முதல் 10 டெசிபெல் வரை ஏறுகிறது. 6 டெசிபெல் கூடினாலே காதில் மோதும் அழுத்தம் இரட்டிப்பாகும். பக்கத்தில் நிற்கும் மகனுக்கோ கூலியாளுக்கோ வரும் கேடு இன்னும் அதிகம்.

உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர் அணுக்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஓயாத ரீங்காரமும் செவிட்டுத்தன்மையும் தங்கிவிடும். பயிர் போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். காது போனால் மறு பட்டம் கிடையாது.

முதலில் செய்யத்தக்கவை

1. துப்பாக்கியின் அடிக்கட்டை ஆளின் கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத கட்டைதான் கன்னத்திலும் தோளிலும் இடிக்கும்.

2. கட்டையின் முனையில் ரப்பர் மெத்தை பொருத்தலாம். உதை தோளில் மெதுவாக இறங்கும். பிரேக்கைவிடச் செலவு குறைவு.

3. மூன்றரைக் கிலோ துப்பாக்கியை நான்கு கிலோ ஆக்கினால் உதையின் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறையும். ஆனால் சுமந்து நடப்பது கடினம்.

4. புதிதாக வாங்குபவர் '.243' போன்ற சிறிய ரகத்தை எடுத்தால் உதை தானாகவே வெகுவாகக் குறையும்.

5. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சைலன்சருக்கு அனுமதி உண்டு. அது சத்தத்தை 20 முதல் 30 டெசிபெல் வரை குறைப்பதோடு உதையையும் குறைக்கும். விலை அதிகம், துப்பாக்கியும் நீளும்.

இத்தனைக்குப் பிறகும் உதை தாங்காத பெரிய ரைபிளுக்கே பிரேக் பொருத்தம். முனையில் எதை மாட்டினாலும் குண்டு விழும் இடம் மாறலாம். இலக்கு அட்டையில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரி செய்த பிறகே வயலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி வேட்டை குற்றம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப் பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. விவசாயி தாமே சுட இது அனுமதி ஆகாது. பன்றி வந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல் வாய் வழியே மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு லைசென்சு பெற 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழி உண்டு. அத்தகைய துப்பாக்கியைப் பட்டறையில் கொடுத்துக் குழலைக் குட்டையாக்காதீர்கள். தனி லைசென்சு இன்றி அப்படிச் செய்வது குற்றம். சத்தத்தைக் குறைக்கும் உறுப்பையும் அந்தச் சட்டம் துப்பாக்கியாகவே கருதுகிறது. லைசென்சு இன்றி அதையும் வைத்திருக்கக் கூடாது.

வானத்தை நோக்கி ஒரு வெடி போட்டாலும் காதை மூடிக்கொள்ளுங்கள். வெறும் பஞ்சு போதாது. காதுக்குள் செருகும் நுரை அடைப்பானும் அதன்மேல் காதுக் கவசமும் சேர்ந்தால் நல்ல காப்பு. காவலுக்கு உடன் வருபவருக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.